எத்தனை அடி தள்ளி நிற்பீர்கள்? ரேஞ்ச்ஃபைண்டர் கேள்வி பதில்

போன இதழில் பழைய பிலிம் கேமராக்களைப் பற்றி எழுதியபோது ரேஞ்ச்ஃபைண்டர் (தனி ஜன்னல் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா வகை) என்று ஓர் இடத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘எந்த லென்ஸ் நல்லது?’ என்று கேட்கின்றன. மற்றவை ‘லைக்கா வாங்கலாமா?’ என்று கேட்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க ரேஞ்ச்ஃபைண்டர்தான். கல்யாண வீட்டு டிரோன்களைப் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அப்பாவின் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். ரேஞ்ச்ஃபைண்டர் அதிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது?
— கல்லூரி மாணவி, திருச்சி

எஸ்.எல்.ஆரில் நீங்கள் லென்ஸின் வழியாகவே பார்க்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் உங்கள் கண்ணுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. பார்ப்பதற்குக் கேமராவின் மேல்பகுதியில் தனியாக ஒரு ஜன்னல். அதிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு குட்டி ஜன்னல். இரண்டு ஜன்னல்களும் ஒரே ஆளைச் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த இரண்டாவது காட்சி, நீங்கள் பார்க்கும் காட்சியின் நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கட்டத்துக்குள் நிழல்போல விழுகிறது.

எதிரே உட்கார்ந்திருப்பவரின் மூக்குக் கண்ணாடி மேல் அந்தக் கட்டத்தை வைத்துப் பாருங்கள். கண்ணாடியின் விளிம்பு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப, நிழல் விளிம்பு நகர்ந்து வந்து அசல் விளிம்பின் மேல் உட்காரும். உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் முடிந்தது. இதற்குச் செங்குத்தான கோடு ஏதாவது வேண்டும்: ஜன்னல் கம்பி, கதவு நிலை, சட்டையின் பொத்தான் பட்டி. வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் அது விழிக்கும். கோடுகள் எல்லாம் படுக்கைவாட்டில் ஓடினால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

இதனால் வரும் லாப நஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டர் அடிக்கும் கணத்தில் காட்சி இருட்டாகாது. எடுத்த முகத்தைக் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகளுக்கு வெளியேயும் தெரிவதால், சைக்கிளில் வருகிறவர் சட்டகத்துக்குள் நுழையும் முன்பே அவரைப் பார்த்துவிடுவீர்கள். தெருவில் படம் எடுக்கிறவர்கள் இந்தக் கேமராவை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். சத்தம் குறைவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நஷ்டம் என்னவென்றால், ஜன்னலில் எல்லாமே துல்லியமாகத் தெரியும். பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை அது காட்டாது. நீங்கள்தான் மனதில் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் 70 சென்டிமீட்டரைவிட, சிலவற்றில் ஒரு மீட்டரைவிட, கிட்டத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்ய முடியாது. பூவின் மகரந்தத்தை எடுக்க விரும்புகிறவர்கள் அப்பாவின் எஸ்.எல்.ஆரை விற்றுவிட வேண்டாம்.

கேள்வி: தவணையில் கடன் எடுத்தாவது ஒரு லைக்கா எம்6 வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து?
— தனியார் நிறுவன ஊழியர், கோவை

கடன் வேண்டாம்.

லைக்காவைக் குறை சொல்லவில்லை. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பார்னாக் வடிவமைத்த கேமரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. லென்ஸைத் திருப்பினால் ரேஞ்ச்ஃபைண்டரும் கூடவே நகரும் ஏற்பாடு 1932-இல் ‘லைக்கா 2’ என்ற மாடலில் சேர்ந்தது. 1954-இல் வந்த எம்3-இன் ஜன்னலை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீங்கள் கேட்கும் எம்6 பிறந்தது 1984-இல். பிலிம் மோகம் திரும்பியதும் 2022-இல் அதை மறுபடி தயாரிக்கத் தொடங்கினார்கள். விலை பல லட்சம். பழையதும் மலிவில்லை. எம்6 எடுக்கும் படத்தைத் தீர்மானிப்பது அதில் மாட்டிய லென்ஸும், பிலிமும், நீங்களும்தான். பிலிம் ரோல் விலையும் கழுவி ஸ்கேன் செய்யும் செலவும் சேர்ந்தால் ரோலுக்கு ஆயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டுகிறது. தவணை கட்டிவிட்டு ரோல் வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்?

முதல் கேமராவாக, லென்ஸைக் கழற்ற முடியாத ஜப்பானிய ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றை வாங்குங்கள். 1972-இல் வந்த கேனன் கேனோநெட் கியூ.எல்.17 ஜி-3 என்ற மாடல் என் முதல் சிபாரிசு. 40 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ் (மி.மீ. எண் சிறிதானால் பார்வை அகலும்; எஃப் எண் சிறிதானால் லென்ஸ் பெரிதாகத் திறந்து வெளிச்சம் கூடும்); 1/4 முதல் 1/500 நொடி வரை வேகம். பேட்டரி செத்தாலும் எல்லா வேகமும் கையால் வைத்து எடுக்கலாம். செத்துப்போவது மீட்டர் மட்டும்தான்.

யாஷிகா எலக்ட்ரோ 35 நம் ஊரில் அதைவிட எளிதாகக் கிடைக்கிறது. 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ், அருமையான கண்ணாடி. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, நீங்கள் வையுங்கள், வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி இல்லையென்றால் 1/500 தவிர வேறு வேகம் கிடையாது. வாங்கும்போது பிலிம் சுற்றும் நெம்புகோலை இழுத்துப் பாருங்கள். உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு மட்கிவிட்டது என்று பொருள். என் மேஜைக்கு வரும் எலக்ட்ரோக்களில் பாதிக்கு மேல் அந்த ரப்பரால் வந்தவைதான்.

லென்ஸ் மாற்றிப் பார்த்தே தீர வேண்டும் என்றால் சோவியத் தயாரிப்புகளான ஃபெட் 2, சோர்க்கி 4 இருக்கின்றன. லென்ஸைத் திருகி மாட்டும் பழைய திருகு வகை லைக்காவைப் பார்த்துப் பிறந்த பரம்பரை. கரடுமுரடு, ஆனால் வேலை செய்யும். சோர்க்கி 4-இல் ஒரு சட்டம் உண்டு. முதலில் பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் வேகச் சக்கரத்தைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல்சக்கரம் பழுதாகும். விற்பவரே இதை அறியாமல் கடையில் சுழற்றிக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: வாய்லெண்டர் பெஸ்ஸா ஆர் ஒன்று கைக்கு வந்துவிட்டது, லென்ஸ் இல்லாமல். ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். 35-ஆ, 50-ஆ?
— பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

இந்தக் கேள்வியைக் கேட்ட பதினைந்து இருபது பேருக்கும் இதுவே பதில். நீளமாகவே சொல்கிறேன்.

லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். ஆட்களைப் படம் எடுக்கும்போது இயல்பாக எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்கள்? சிலருக்கு அறிமுகமில்லாதவரிடம் ஐந்தடிக்குள் போனால் கூச்சம் வந்துவிடும். சிலர் போகிற போக்கில் தோளில் கைபோட்டுவிடுவார்கள். லென்ஸ் உங்கள் சுபாவத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைக்காரரின் பேச்சோடு அல்ல.

கணக்கு இதுதான். பத்தடி, அதாவது சுமார் மூன்று மீட்டர் தள்ளி ஒருவர் நிற்கிறார். கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்திருக்கிறீர்கள். 35 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள இடத்தைப் படத்தில் அடக்கும். ஆள் தலை முதல் கால் வரை நிற்பார். பக்கத்தில் திண்ணையும், சுவரில் ஒட்டிய போஸ்டரும், சாய்த்து வைத்த சைக்கிளும் கிடைக்கும். 50 மி.மீ. அதே இடத்தில் இரண்டு மீட்டர் சொச்சம் அகலம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். ஆள் முழங்காலோடு முடிந்துவிடுவார். திண்ணை பாதிதான். ஆனால் முகத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரியும்.

இதைக் காசு செலவழிக்காமல் சோதித்துப் பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் 7.2 சென்டிமீட்டர் அகலம், 4.8 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு ஓட்டை வெட்டுங்கள். கண்ணிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள்: அது 50 மி.மீ. லென்ஸின் பார்வை. 7 சென்டிமீட்டருக்கு இழுத்துக்கொண்டால் 35. கையை நீட்டி 18 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் 90. ஒரு வாரம் அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் போய்வாருங்கள். எந்தத் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது ‘இது படம்’ என்று தோன்றுகிறதோ அதுதான் உங்கள் லென்ஸ். ஊரார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நாளை கேமராவோடு போகும்போதும் அப்படித்தான் பார்க்கப்போகிறார்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் 35 கொஞ்சம் கருணையுள்ளது. எஃப் 8-இல் மூன்று மீட்டரில் வைத்தால் சுமார் 1.9 மீட்டர் முதல் 7.3 மீட்டர் வரை தெளிவாக விழும். 50-இல் அதே ஏற்பாடு 2.3 மீட்டர் முதல் 4.2 மீட்டர் வரைதான். வெயிலில் தெருவில் நடக்கிறவர் 35-ஐ மாட்டி, எஃப் 8, மூன்று மீட்டர் என்று வைத்துவிட்டு, மஞ்சள் கட்டத்தை மறந்தே போகலாம். கேமராவைத் தூக்கினால் படம். தானியங்கி ஃபோகஸ்கூட இந்த வேகத்துக்கு ஈடில்லை.

அதற்காக 50 இளைத்ததல்ல. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவில் 50 மி.மீ. லென்ஸோடு கழித்தவர். 1948 ஜனவரியில் காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துவிட்டு வந்து, அந்த மரணத்தையும் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி காலமானபோது திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். சேதி சொல்லத் தேவையானது மட்டும் சட்டகத்துக்குள் இருக்கும். 50 அப்படிப்பட்ட ஒழுக்கத்தைக் கேட்கும் லென்ஸ். வேண்டாததை விலக்கத் தெரிந்தவர்களுக்கு நல்லது. தெரியாதவர்களுக்கு நல்ல வாத்தியார்.

உங்கள் பெஸ்ஸா ஆர், ஜப்பானின் கொசினா நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கொண்டுவந்தது. திருகு வாயின் விட்டம் 39 மி.மீ. உள்ள பழைய லென்ஸ்களை ஏற்கும். ஜன்னலில் 35, 50, 75, 90 ஆகியவற்றுக்குக் கோடுகள் உண்டு. மேலே உள்ள நெம்புகோலால் மாற்றிக்கொள்ள வேண்டும். 35 என்று முடிவானால் வாய்லெண்டர் கலர்-ஸ்கோப்பார் 35 மி.மீ., எஃப் 2.5. உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவு. குறை சொல்ல ஒன்றுமில்லை. 50 என்றால் பழைய கேனன் 50 மி.மீ., எஃப் 1.8 திருகு லென்ஸ் தேடுங்கள். உட்புறக் கண்ணாடியில் மங்கல் படிந்திருக்கும் பிரதிகள் நிறைய உலவுகின்றன. டார்ச் அடித்துப் பார்த்து வாங்கவும். அதுவும் கையைக் கடித்தால் சோவியத் ஜூப்பிட்டர் 8. ஜெர்மன் சோன்னார் வடிவத்தின் வாரிசு. நெருக்கத்தில், முழுத் திறப்பில், மற்ற நாட்டுக் கேமராக்களோடு அதன் ஃபோகஸ் சற்று விலகக்கூடும், எஃப் 5.6-க்கு வந்துவிட்டால் பிரச்சினை தெரியாது.

என்னைக் கட்டாயப்படுத்திக் கேட்டால், வகுப்பறையும் குழந்தைகளும் உங்கள் உலகம் என்பதால் 35 என்பேன். அட்டைக்கும் எனக்கும் கருத்து வேறுபட்டால் அட்டையை நம்புங்கள்.

கேள்வி: எஃப் 1.4 லென்ஸ் இருந்தால் இரவிலும் எடுக்கலாம், பின்னணியும் அழகாக மங்கும் என்கிறார்கள். பணம் பிரச்சினை இல்லை. வாங்கலாம்தானே?
— மருந்துக்கடை உரிமையாளர், தூத்துக்குடி

பணம் பிரச்சினை இல்லாவிட்டாலும் வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. 50 மி.மீ., எஃப் 1.4 லென்ஸில் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு கண் தெளிவு, காது மங்கல். அதற்கு ரேஞ்ச்ஃபைண்டர் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். துல்லியம் இரண்டு ஜன்னல்களுக்கு இடையே உள்ள தூரத்தையும், காட்சி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதையும் பொறுத்தது. லைக்கா எம்3-இல் இரண்டையும் பெருக்கினால் 60 மி.மீட்டருக்கு மேல் வரும். பெஸ்ஸா ஆரில் சுமார் 25 மி.மீ.தான். முன்னதில் எஃப் 1.4-ஐ நம்பிப் பயன்படுத்தலாம். பின்னதில் கிட்டத்துக்குக் கொண்டுபோனால் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும். கேமரா எது என்று நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்று, பெரிய லென்ஸ்கள் ஜன்னலின் வலதுபுறக் கீழ் மூலையை மறைத்துவிடும். அந்த மூலையில் நிற்கும் குழந்தை பிலிமில்தான் உங்களுக்குத் தெரியவரும். எஃப் 2 போதும். இரவுக்கு ஐ.எஸ்.ஓ. (பிலிம் வெளிச்சத்தை உணரும் திறனின் எண்) 400 உள்ள பிலிமும், சாய்ந்து நிற்க ஒரு தூணும் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பறவைகளை எடுக்க ரேஞ்ச்ஃபைண்டர் உதவுமா?
— வேடந்தாங்கல் அருகிலிருந்து ஒரு வாசகர்

உதவாது. இதில் 135 மி.மீட்டருக்கு மேல் யாரும் போவதில்லை. அதற்கே ஜன்னலில் உள்ள கோடு தபால்தலை அளவுக்குத்தான் இருக்கும்.

கேள்வி: திருகு லென்ஸை லைக்கா எம் வகைக் கேமராவில் மாட்டலாமா? எம் லென்ஸைத் திருகுக் கேமராவில்?
— பொறியாளர், ஓசூர்

முதலாவது முடியும், இரண்டாவது முடியாது. திருகுக் கேமராவில் லென்ஸ் அமரும் இடத்திலிருந்து பிலிம் வரை 28.8 மி.மீ.; எம் வகையில் 27.8 மி.மீ. வித்தியாசமான அந்த ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வளையம் செய்து இடையில் போட்டுவிட்டார்கள். ஃபோகஸ், ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். வளையம் வாங்கும்போது உங்கள் லென்ஸின் அளவைச் சொல்லி வாங்குங்கள்; எந்தச் சட்டகக் கோடு தெரிய வேண்டும் என்பதை அந்த வளையம்தான் கேமராவுக்குச் சொல்கிறது. ஜூப்பிட்டர் 12 என்ற 35 மி.மீ. லென்ஸைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மாடலில் இடிக்காது என்று உறுதியாகத் தெரியாமல் திருகிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு தெரிந்தவர் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் தருகிறார். நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
— துணிக்கடை ஊழியர், சேலம்

பகலில் போங்கள், டார்ச்சோடு போங்கள். முதல் வேலையாக மொட்டைமாடிக்கு ஏறி, ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். லென்ஸ் வளையத்தை முடிவிலி வரை, அதாவது படுத்த எட்டுக் குறி வரை, திருப்பி நிறுத்துங்கள். மஞ்சள் கட்டத்தில் கோபுரம் ஒன்றாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் விலகித் தெரிந்தால் சரிசெய்யக்கூடிய கோளாறுதான். விலையில் குறைத்துக் கேளுங்கள். மேலும் கீழுமாகவும் விலகியிருந்தால் பழுதுபார்ப்பவருக்கு வேலை கூடுதல். கட்டமே தெரியவில்லை என்றால் உள்ளே கண்ணாடியின் பூச்சோ கண்ணாடியோ போய்விட்டது. அந்தக் கேமரா அலமாரிக்கு அழகு.

லென்ஸை முழுதாகத் திறந்து, பின்கதவையும் திறந்து, டார்ச்சை ஒருபுறம் பிடித்து மறுபுறத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் என்றால் துடைக்கலாம். கண்ணாடியையே அரித்திருந்தால் தழும்பு போகாது. புகைபடிந்த மாதிரி வெண்மங்கல் இருந்தால் படத்தில் வெளிச்சம் சிதறி, கறுப்பு எல்லாம் சாம்பலாகும். முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் ஒன்றிரண்டு இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பின்கண்ணாடியில் உள்ள கீறலுக்குப் பயப்படுங்கள்.

ஷட்டரை ஒரு நொடியில், அது இல்லாத மாடலில் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில், வைத்து அடியுங்கள். ‘ர்ர்ர்’ என்று ஓடி நிற்க வேண்டும். நடுவில் திக்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. துணித் திரை ஷட்டர் என்றால் லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து திரையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நட்சத்திரம்போல ஒரு புள்ளி மின்னினால் திரையில் ஓட்டை. அந்தப் புள்ளி எல்லாப் படத்திலும் வரும்.

பின்கதவின் விளிம்பில் கறுப்பு நுரைப் பட்டை இருக்கும். விரலில் பிசின் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும், மலிவான வேலை. கேமராவோடு தோல் உறை தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கேமராவை அதில் வைக்காதீர்கள். நம் கடலோரக் காற்றில் பூஞ்சைக்குத் தோல் உறையைவிட நல்ல வீடு கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். போதும்.

கேள்வி: எனக்கு வயது 67. மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதால் ஜன்னலின் ஓரங்கள் தெரிவதில்லை. இந்த வயதில் ஆசைப்படலாமா?
— ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கும்பகோணம்

தாராளமாக ஆசைப்படுங்கள் ஐயா. கண்ணாடியோடு பார்ப்பவர்களுக்கு அகல லென்ஸின் சட்டகக் கோடுகள் ஜன்னலின் விளிம்புக்கே போய்விடுவதால் தெரியாது. 28 மி.மீ. வேண்டவே வேண்டாம், 35-கூடச் சில மாடல்களில் சிரமம். 50 மி.மீ. உங்களுக்குப் பொருந்தும், கோடுகள் உள்ளே தள்ளியிருக்கும். சோர்க்கி 4, ஃபெட் 2 இரண்டிலும் பிலிம் திருப்பிச் சுற்றும் குமிழுக்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை நகர்த்தினால் ஜன்னலின் பவர் மாறும். கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். லைக்கா எம் வகைக்காரர்களுக்குக் கிடைக்காத சௌகரியம் இது. அவர்கள் அதற்குத் தனியாக ஒரு திருத்த லென்ஸ் வாங்கி மாட்ட வேண்டும்.

கண்ணாடியோடுதான் பார்ப்பேன் என்றால் ஜன்னலின் உலோக வளையத்தின்மேல் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூக்குக் கண்ணாடியில் வட்டம் வட்டமாகக் கீறல் விழும்.

கேள்வி: லைட் மீட்டர் வேலை செய்யவில்லை. அதற்கான பேட்டரியும் கிடைக்கவில்லை.
— ஐ.டி. ஊழியர், சென்னை

கேனோநெட் போன்றவை 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. சுற்றுச்சூழல் காரணமாக அவற்றை நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் வெளிச்சத்தை அதிகமாகக் கணித்துப் படத்தை இருட்டாக்கும். காது கேட்கும் கருவிக்கான 675-ஆம் எண் பேட்டரி வாங்குங்கள். சுமார் 1.4 வோல்ட், அளவு சற்றுச் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் ஆடாமல் உட்காரும். சில மாதங்களில் காய்ந்துவிடும், ஆனால் விலை குறைவு.

யாஷிகா எலக்ட்ரோவுக்கு வேண்டியது 5.6 வோல்ட். இப்போது கிடைக்கும் 6 வோல்ட் பேட்டரியை ஒரு சுருள்கம்பியோடு சேர்த்துப் போட்டாலே போதும், அது பொறுத்துக்கொள்ளும்.

மீட்டரே இல்லாவிட்டாலும் நம் ஊர் வெயிலில் படம் எடுக்கலாம். உச்சி வெயிலில் எஃப் 16. ஷட்டர் வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு அருகில். 400 பிலிம் என்றால் 1/500, 200 பிலிம் என்றால் 1/250. மெல்லிய மேகம் என்றால் எஃப் 11; வானம் மூடினால் எஃப் 8, நன்றாகக் கறுத்தால் 5.6, மரத்தடி நிழலில் எஃப் 4. வீட்டுக்குள் ஜன்னலோரம் 400 பிலிமில் 1/60, எஃப் 2.8-இல் தொடங்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு படி கூடுதலாகவே வெளிச்சம் கொடுங்கள். நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் மன்னிக்கும், குறைந்தால் மன்னிக்காது.

கேள்வி: லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து அரை ரோல் கறுப்பாகிவிட்டது. மூடியையே தூக்கிப் போட்டுவிடலாமா?
— புகைப்படக் கல்லூரி மாணவர், சென்னை

கேனோநெட், யாஷிகா போன்ற லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ளவையாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஒரு தெளிவான ஃபில்டரை மாட்டிக்கொள்ளுங்கள். துணித் திரை உள்ள லைக்கா, சோர்க்கி, ஃபெட் என்றால் அப்படிச் செய்ய முடியாது. இந்தக் கேமராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. கழுத்தில் தொங்கும் கேமரா வானத்தைப் பார்த்தபடி மெரினாவில் ஒரு மதியம் நடந்தால், லென்ஸ் சூரியனைத் திரையின்மேல் குவித்து ஓட்டை போட்டுவிடும். மூடி போடுங்கள், அல்லது நடக்கும்போது திறப்பை எஃப் 16-க்குக் குறைத்துக்கொண்டு லென்ஸைத் தரையைப் பார்க்க வையுங்கள். மூடி போடும் பழக்கமுள்ளவர்கள் அதை ஒரு நூலால் கேமராவோடு கட்டிவிட்டால், படமெடுக்கும்போது கண்ணெதிரே ஆடி நினைவூட்டும்.

கேள்வி: முதல் ரோலுக்கு எந்தப் பிலிம்? எப்படிச் செலவழிப்பது?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ஓடிய காலத்தில் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோலை வாங்கிப் போட்டுவிட்டு யோசிக்காமல் சுட்டோம். இப்போது எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு; யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கறுப்பு வெள்ளை என்றால் கென்ட்மியர் 400, அல்லது இல்ஃபோர்டு எச்.பி.5. கலர் என்றால் கோடக் கோல்டு 200. உங்கள் ஊரில் கழுவித் தருகிறவர் யார், எதைக் கழுவுவார் என்று கேட்டுவிட்டுப் பிலிம் வாங்குங்கள். கலருக்கும் கறுப்பு வெள்ளைக்கும் ரசாயனம் வேறு. இரண்டையும் எல்லாரும் செய்வதில்லை.

பிலிமை மாட்டியதும் திருப்பிச் சுற்றும் குமிழை மெல்லத் திருகித் தளர்வை எடுத்துவிடுங்கள். அடுத்து நெம்புகோலைச் சுற்றும்போது அந்தக் குமிழும் எதிர்த்திசையில் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. 36 படமும் எடுத்ததாக நினைத்துக்கொண்டு வெறும் ரோலைக் கழுவக் கொடுக்கும் கூத்து இங்கேதான் தொடங்குகிறது.

முதல் ரோல் கேமராவைப் பரீட்சை செய்வதற்கு. வாசல் கோலத்தின் மேல் ஒரு மீட்டர் அடிக்குச்சியைச் சாய்வாகப் போட்டு, நடுவில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 8-இல் ஒன்று எடுங்கள். தெளிவு நடுவில் விழுகிறதா, முன்னே பின்னே விலகுகிறதா என்று படத்தில் தெரிந்துவிடும். எல்லா வேகத்திலும் ஒவ்வொன்று எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். மீதமுள்ளதில் வீட்டில் உள்ளவர்களை எடுங்கள். அவர்கள்தான் ஆடாமல் நிற்பார்கள், அல்லது ஆடினால் திட்டலாம்.

ரோல் முடிந்ததும் பின்கதவைத் திறக்காமல் திருப்பிச் சுற்றிவிட்டு எடுங்கள். கழுவக் கொடுக்கும்போது ஸ்கேன் மட்டும் அனுப்பினால் போதாது, நெகட்டிவையும் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் கேட்காவிட்டால் குப்பைக்குப் போகிறது.